அத்தானின் அட்டவணையும் ஆடி அமாவாசையும்

க்வேராகெர்தி, ஐஸ்லாந்து
8.3.2026

அன்புள்ள அக்கா,

இங்கு நலம். அங்கும் நலம் என்பது அத்தான் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பில் தெம்பு இல்லாதவர் அப்படியொரு திட்டம் போட முடியாது. காலமெல்லாம் பஸ்ஸுக்கு ஷெட்யூல் எழுதின கை, ரிட்டயர் ஆனால் மட்டும் சும்மா இருக்குமா? 'புறப்பாடு காலை 5.10. வீக் வருகை 7.25. டீ 10 நிமிடம். எரிமலை 20 நிமிடம். பனியாறு 15 நிமிடம் (அம்மா வண்டியிலேயே இருக்கலாம்)' என்று எழுதி, மூன்றே நாளில் தீவை ஒரு சுற்றுச் சுற்றி, நாலாம் நாள் காலையில் எல்லாரையும் விமானம் ஏற்றிவிட்டார். டீக்கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. அது தெரிந்தால் எனக்கும் சொல்லச் சொல். நான் இங்கே வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அத்தானுக்கு நீயே படித்துக் காட்டு. நேரடியாக அவருக்கு எழுதினால் 'சின்னப்பய எனக்கு ரூட் சொல்லித் தாரானா' என்பார். நீ சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டார், பேசினாலும் கேட்டுக்கொள்வார்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். தீவைச் சுற்றி ஓடுகிற ஒன்றாம் எண் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கொஞ்சம் கம்மி. 'இதுக்கு மூணு நாள் எதுக்கு, ரெண்டே நாள் போதுமே' என்று அத்தான் கேட்பார். ஓட்டுவதற்குப் போதும்தான். ஆனால் தார் ரோட்டில் உச்ச வேகம் 90, ஜல்லி ரோட்டில் 80. நம் ஊர் நாலுவழிச் சாலை மாதிரி நினைக்க வேண்டாம். போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான் ரோடு. பல இடங்களில் ஓரத்தில் ஒதுங்கி நிற்கக்கூட இடம் இருக்காது. போகிற வழியில் நின்று பார்க்க வேண்டியவையோ அரைமணிக்கு ஒன்று வரும். அதைப் பார்க்காமல் ஓட்டுவதற்குத் திருநெல்வேலி பைபாஸே போதும், விசா எடுக்க வேண்டியதில்லை.

பத்து நாளாவது வேண்டும். அதிலும் ரெண்டு நாளை வெறுமனே விட்டுவிட வேண்டும். அத்தானுடைய அட்டவணையில் வெற்றுக் கட்டமே கிடையாது, எனக்குத் தெரியும். இங்கே அதுதான் ரொம்ப முக்கியமான கட்டம். காற்று அடித்தால் ரோட்டை மூடிவிடுவார்கள். இந்த ஊரில் காற்றை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 'இன்னிக்கி எட்டு' என்றால் துணி காயப்போடலாம். 'பதினஞ்சு' என்றால் உயரமான வண்டியை எடுக்கமாட்டார்கள். 'இருபத்தஞ்சு' என்றால் வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடிப்பார்கள், முதலாளியும் கூப்பிடமாட்டார். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே சாலைத்துறை வரைபடத்தையும் வானிலைத் துறை எச்சரிக்கையையும் பார்ப்பது இங்கே எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். மஞ்சளுக்கே அம்மா திருநீறு பூசிவிடுவாள்.

அடுத்தது திசை. அத்தான் வடக்கே போய், கிழக்கே இறங்கி, தெற்கு வழியாக வரப் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் 12-ந் தேதி உங்களை ஹொப்ன் என்கிற தென்கிழக்கு ஊரில் நிறுத்தியிருக்கிறார். அங்கேதான் எல்லாம் கெட்டது. பாப்பா ஒரு வருஷமாக 'கிரகணம் கிரகணம்' என்று குதிப்பது எதற்கு? அன்றைக்கு முழுச் சூரிய கிரகணம் தெரியப்போவது மேற்கு ஓரத்தில் மட்டும். ரெய்க்யவிக்கில் முழு இருட்டு ஒரு நிமிடம். ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்தின் முனையில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஹொப்னில் நின்றால் கடித்து வைத்த அப்பளம் மாதிரி ஒரு சூரியனைத்தான் பார்க்கலாம். இந்த நாடு கடைசியாக முழுக் கிரகணம் பார்த்தது 1954-ல். ரெய்க்யவிக் நகரத்துக்கோ 1433-க்குப் பிறகு இதுதான் முதல். அத்தனை நூற்றாண்டுக்கு ஒருதரம் வருவதை அரை குறையாகப் பார்த்துவிட்டுப் போனால், பாப்பா அத்தானை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள்.

அதனால் முழு ஷெட்யூலையும் திருப்பிப் போட வேண்டும். ஜூலை 31 அல்லது ஆகஸ்ட் 1 வந்து இறங்குங்கள். முதலில் எங்கள் வீட்டில் தூக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை இங்கே விடுமுறை. அதை ஒட்டிய சனி ஞாயிறில் நாடே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடும். அந்தக் கூட்டம் கலைந்ததும் நாம் கிளம்பி, தெற்கு, கிழக்கு, வடக்கு என்று சுற்றி, 11-ந் தேதி ராத்திரி மேற்கே வந்து சேர்ந்துவிட வேண்டும். கிரகண வாரத்துக்கு ஓட்டல் அறை இப்போதே கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தரையில் பாய் விரித்துக்கொள்ளலாம். தரையே சூடாக இருக்கும்; ஊரையே வெந்நீர் ஊற்று வைத்துத்தான் சூடுபடுத்துகிறார்கள்.

அந்த வெந்நீரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முட்டை அழுகிய வாடை வரும். யாரையும் சந்தேகப்பட வேண்டாம், அது கந்தகம். பூமிக்குள்ளிருந்து நேராக வருகிற தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் வாடை கிடையாது. குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம். 'மினரல் வாட்டர் 24 பாட்டில்' என்ற வரியை அத்தான் அடித்துவிடலாம்.

கார் முன்பதிவு செய்யும்போது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். ஐரோப்பாவில் வேறெங்கும் நாம் இதில் விழிப்போம், இங்கே வேண்டியதில்லை. இவர்களுக்கும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வதுதான். தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதையே முதல் பெயர் வரிசையில்தான் போட்டார்கள். பிரதம மந்திரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. ஆக, நீ இங்கே சுப்பையாதோத்திர். அத்தான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அவர் பெயர் உன் பெயரோடு ஒட்டாது. இந்தப் பத்தியை மட்டும் சத்தமாகப் படி.

ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் எடுத்து வரச் சொல். வண்டி இங்கே வலப்பக்கம் ஓடும். இவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டியவர்கள்தான். 1968 மே 26 அன்று காலையில் நாடு முழுக்க ஒரே நாளில் மாறிக்கொண்டார்கள். அத்தான் மாற ஒரு வாரம் ஆகும் என்பது என் மதிப்பீடு. அதுவரை ஸ்டியரிங் என்னிடம் இருக்கட்டும். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும், அது சட்டம். 'பட்டப்பகல்ல எதுக்குலே லைட்டு' என்று அணைத்துவிடக் கூடாது. பெட்ரோல் பங்கில் ஆள் இருக்கமாட்டார். கார்டைச் செருகி ரகசிய எண் அடித்து நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு அனுமதி வாங்கிவிடுங்கள். கிழக்கே போனபின் டேங்க் பாதிக்குக் கீழே போக விடக்கூடாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் அத்தான் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. இங்கே ஜல்லிக்கு ஒரு காப்பீடு, மணலுக்கும் சாம்பலுக்கும் ஒரு காப்பீடு என்று தனித்தனியாக விற்கிறார்கள். சிரிக்கத் தோன்றும். தெற்குக் கரையில் மணல் காற்று ஒருதரம் வீசினால் காரின் பெயிண்ட் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல உரிந்துவிடும். ஆனால் எந்தக் காப்பீட்டிலும் பெரும்பாலும் வராத ரெண்டு காரியம் உண்டு. ஒன்று, ஆற்றில் இறங்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போவது. இன்னொன்று, காற்று கதவைப் பிடுங்குவது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வாடகைக் காரை நிறுத்திக் கதவைத் திறந்தார். கையிலிருந்து கைப்பிடி நழுவியதுதான் தெரியும். கதவு முன்பக்கமாக முழுக்கத் திரும்பி, பானட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கீல் வளைந்துவிட்டதால் மூடவும் முடியவில்லை. கயிறு கட்டி, உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். காற்றை எதிர்கொண்டு வண்டியை நிறுத்து, ரெண்டு கையாலும் கதவைப் பிடித்துத் திற. இதை அம்மாவுக்கு இப்போதிருந்தே உங்கள் வீட்டுக் காரில் பழக்கிவிடு.

வழியில் 'எய்ன்பிரெய்த் ப்ரூ' என்று பலகை வரும். ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் பாலம். யார் முதலில் பக்கத்தில் வருகிறாரோ அவர் போவார், மற்றவர் நிற்பார். ஹாரன் அடித்தவர் போவார் என்று விதி இல்லை. அத்தான் அதில் தோற்பது கொஞ்சம் கஷ்டம்தான், பழகிக்கொள்வார்.

அதைவிட ஆடு. கோடையில் குட்டிகளோடு சேர்த்து எண்ணினால் இந்நாட்டில் மனிதரைவிட ஆடு அதிகம். மனிதரே நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். ஆட்டை மலையில் அவிழ்த்துவிட்டுச் செப்டம்பரில்தான் குதிரையில் போய் ஓட்டிவருவார்கள். அதுவரை ரோடு அதற்குச் சொந்தம். தாய் ரோட்டுக்கு இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம் நின்று மேய்ந்தால் உடனே பிரேக்கில் கால் வைக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி நேரே தாயிடம்தான் ஓடிவரும், நம் சக்கரத்துக்கு முன்னால். அடிபட்டால் விவசாயிக்குப் பணம் கட்ட வேண்டும்; கறி நமக்குக் கிடையாது.

தெற்கு வழியைப் பற்றி அத்தானுக்குப் பிடித்த மாதிரி ஒரு கதை உண்டு. இந்தச் சுற்றுச் சாலை சுற்றாக ஆனதே 1974-ல்தான். அதுவரை வாட்னயோகுட்ல் பனிப்பாறைக்குத் தெற்கே ஸ்கெய்தரார்சாந்துர் என்கிற கறுப்பு மணல்வெளியைக் கடக்கப் பாலம் கிடையாது. ஆறு ஒரு இடத்தில் நிற்காது. இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் ரெண்டு மைல் தள்ளி. ஹொப்ன்காரர்கள் தலைநகருக்குக் காரில் வர வேண்டுமென்றால் வடக்கே முழுத் தீவையும் சுற்றித்தான் வருவார்கள். நாட்டில் முதல் குடியேற்றம் நடந்து 1,100 வருஷம் ஆனதைக் கொண்டாடிய வருஷத்தில் பாலத்தைக் கட்டி முடித்தார்கள். 1996 இலையுதிர் காலத்தில் பனிப்பாறைக்கு அடியிலேயே எரிமலை வெடித்தது. உருகின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் க்ரிம்ஸ்வொத்ன் குழிக்குள் ஒரு மாதம் சேர்ந்துகொண்டே இருந்தது. நவம்பர் 5 அன்று பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வந்தது. உச்சத்தில் வினாடிக்குச் சுமார் 45,000 கன மீட்டர். அத்தான் கணக்கில் சொன்னால் 16 லட்சம் கன அடி. வீடு அளவு பனிக்கட்டிகள் அதில் உருண்டு வந்தன. ஒருவர்கூடச் சாகவில்லை; வரப்போகிறது என்று தெரிந்து ரோட்டை முன்பே மூடிவிட்டார்கள். பாலத்தின் இரும்பு உத்தரம் ஒன்று முறுக்குக் கம்பி போல வளைந்து ரோட்டோரத்தில் இன்னும் கிடக்கிறது. பெரிய பாலம் இருந்த இடத்தில் ஆறே இப்போது இல்லை, பக்கத்து ஆற்றோடு சேர்ந்துகொண்டது. 'ஹொப்ன் – ரெய்க்யவிக் 6 மணி நேரம் 40 நிமிடம்' என்று எழுதியிருப்பவர் அந்த உத்தரத்துக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நிற்கட்டும்.

அதற்கு முன்பே ஒரு இடத்தில் ரோட்டின் ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் மெத்தை மெத்தையாகப் பச்சைப் பாசி வரும். பார்க்க அழகு. அடியில் இருப்பது லாகி எரிமலைப் பிளவு 1783-ல் கக்கிய குழம்பு. எட்டு மாதம் ஓயாமல் கக்கியது. நச்சுப் புகையில் புல் கருகி, ஆடுமாடு பாதிக்குமேல் செத்து, பின்னாலேயே பஞ்சம் வந்து, மக்களில் ஐந்தில் ஒருவர் போனார்கள். அந்த ஜூலையில் கிர்க்யுபையர்க்லாஸ்துர் ஊரை நோக்கிக் குழம்பு வந்துகொண்டிருந்தபோது யோன் ஸ்டெய்ன்க்ரிம்ஸன் என்கிற பாதிரியார் ஊராரைக் கோயிலுக்குள் வைத்துப் பிரசங்கம் செய்தார். குழம்பு ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. அந்தப் பாசி மேல் யாரும் காலை வைக்கக் கூடாது, செல்ஃபிக்காகக்கூட. ஒரு காலடித் தடம் ஆற வருஷக்கணக்கில் ஆகும். ரோட்டை விட்டு வண்டியை இறக்கினால் பெரிய அபராதம் வேறு.

'எரிமலை வெடிக்கிற ஊருலயா ஏரோப்ளேன் இறங்கும்?' என்று அம்மா போனில் கேட்டாள். ஆமாம், அங்கேதான் இறங்கும். விமான நிலையம் இருக்கும் அதே தீபகற்பத்தில் 2023 டிசம்பர் தொடங்கி 2025 ஜூலை வரை ஒன்பது முறை வெடித்தது. கிரிந்தாவிக் என்ற ஊரை அதற்கு முந்தைய மாதமே ஒரே ராத்திரியில் காலி செய்தார்கள், பிறகு சில வீடுகளைக் குழம்பு விழுங்கியது. விமானம் மட்டும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. நிலம் பிளந்து குழம்பு வடிகிற ரகம் இது. 2010-ல் ஐரோப்பாவின் வானத்தையே மூட வைத்த ஐயாஃப்யாட்லாயோகுட்ல் வேறு ரகம். அது பனிக்கு அடியில் வெடித்துச் சாம்பலை மேலே அனுப்பியது. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம், 'ஆமா, ஆனா தூரத்துல' என்று மட்டும் சொல். வரைபடத்தைக் காட்டிவிடாதே.

ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கடற்கரையில் மட்டும் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். பத்து அலை சாதுவாக வந்து திரும்பும். அடுத்தது சொல்லாமல் கொள்ளாமல் மேடு வரை ஏறி ஆளை இழுத்துப் போகும். போனவர்கள் திரும்பாத கதை அங்கே உண்டு. எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் கடலைக் கண்டால் காலை நனைக்காமல் வருகிற ஆள் யாரும் இல்லை என்பதால் சொல்கிறேன். அங்கே கடலுக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுப்பதும் கூடாது.

கிழக்கும் வடக்கும் சுலபம். யோகுல்சார்லோனில் பனிக்கட்டி மிதக்கிற ஏரி, தெத்திஃபோஸில் 44 மீட்டர் அருவி. குற்றாலத்தைப் பார்த்த கண்ணுக்கு உயரம் பெரிதில்லை. ஆனால் சேறு கலந்த சாம்பல் நிறத் தண்ணீர் நூறு மீட்டர் அகலத்துக்கு விழும்போது நின்ற இடம் அதிரும். உள்ளே இறங்கிக் குளிக்கிற யோசனை அத்தானுக்கு வரவே கூடாது. அக்குரேரி நகரத்தில் சிவப்பு சிக்னல் இதய வடிவத்தில் எரியும். அங்கே மட்டும் அத்தான் சந்தோஷமாக நிற்பார் என்று நம்புகிறேன். எண்ணுக்கு முன்னால் எஃப் என்று போட்ட மலைச் சாலைகள் பக்கம் போகவே போவதில்லை. அஸ்க்யாவில் நிலவுக்குப் போனவர்கள் பயிற்சி எடுத்தார்கள் என்பது சரிதான். அவர்கள் வாடகைக் காரில் போகவில்லை.

பெட்டியில் ஓடோமாஸ் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறாராம். அக்கா, கொசுவே இல்லாத நாடு என்று பேர் வாங்கிய இடம் இது. போன அக்டோபரில் ஒரு பண்ணைப் பக்கம் மூன்று கொசு பிடிபட்டது, தேசம் முழுக்க அதுதான் பேச்சு. உலகப் பத்திரிகைகளிலும் வந்தது. மூன்றே மூன்று! பாளையங்கோட்டையில் நான் கொசுவத்தி கொளுத்த மறந்த ராத்திரிக்கு எத்தனை செய்தி போட்டிருக்க வேண்டும். மீவாத்ன் ஏரிக்கரையில் மட்டும் சின்னப் பூச்சி மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகும். தலைக்கு வலை போட்டுக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு ஊரிலும் வெந்நீர்க் குளம் இருக்கும். பயணத்தில் அசதி தீர அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் ஒரு சங்கடம். குளத்தில் இறங்குவதற்கு முன் பொதுக் குளியலறையில், துணி ஒன்றும் இல்லாமல், சோப்புப் போட்டுக் குளித்தே ஆக வேண்டும். ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம், தடுப்புக் கிடையாது. உடம்பில் எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று படம் வரைந்து மாட்டியிருப்பார்கள். ஏமாற்றிவிட்டு நழுவினால் ஆள் வந்து திருப்பி அனுப்புவார். குற்றாலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் இன்னொரு துண்டைக் கட்டிக் குளித்த அத்தான் என்ன செய்யப்போகிறார் என்று நினைத்தால் எனக்கு இப்போதே ராத்திரித் தூக்கம் போகிறது. நீயும் அம்மாவும் வேண்டுமானால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். இங்கே பத்து டிகிரியிலும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

இனி பெரிய பிரச்சினை. ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிட்டாள். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது இப்படி ஒரு நாளுக்காகத்தான் போலிருக்கிறது. 'ஏலே, காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகாத ஆடி அமாவாசை உண்டுமா? அதுலயும் கிரகணத்துல போய் ஊர் சுத்துவாகளா?' என்று அம்மா பிடித்துக்கொண்டாள். நான் யோசித்து எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறேன், பொறுமையாகக் கேள்.

அத்தான் தர்ப்பணம் கொடுக்கவும் அம்மா கடலில் முங்கவும் ரெய்க்யவிக்கில் நோட்ஹோல்ஸ்வீக் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. அந்தக் கடலில் சாதாரணமாகக் கால் வைத்தால் எலும்பு நோகும். ஆனால் அங்கே ஒரு சின்னக் குடாவைக் கல் வைத்து மறித்து, நகரத்துக்குச் சூடேற்றி மிஞ்சிய வெந்நீரை அதில் விடுகிறார்கள். மஞ்சள் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். குடா தெற்கே பார்த்து இருக்கிறது. தெற்கு நோக்கி எள்ளும் நீரும் இறைக்க இதைவிட வாகான துறை வட துருவத்துக்குப் பக்கத்தில் கிடைக்காது. புடவையோடு முங்கலாமா என்று மட்டும் நான் விசாரித்துச் சொல்கிறேன்.

சமையலுக்கு வாழைக்காய் வேண்டும் என்பாய். எங்கள் ஊரிலேயே ஒரு கண்ணாடி வீட்டில் வாழை குலை தள்ளுகிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மை படித்துவிட்டு ஐஸ் கட்டியிலா விவசாயம் பண்ணப்போறே என்று அப்பா கேட்டாரே, வெந்நீர் ஊற்றின் சூட்டில் பனிக்காலத்திலும் தக்காளியும் வெள்ளரியும் காய்க்கிற பண்ணையில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அந்த வாழை விற்பனைக்கு இல்லை. ரெய்க்யவிக் ஆசியக் கடையில் உறைய வைத்த வாழைக்காய் வாங்கிவிடலாம். நிலத்துச் சூட்டிலேயே அடுப்பில்லாமல் சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதில் இட்லி அவிக்கலாமா என்று கேட்டாயே, அவிக்கலாம். லோகார்வாத்ன் ஏரிக்கரையில் கம்பு மாவைப் பாத்திரத்தில் அடைத்து, சுடுமணலில் ஒரு நாள் முழுக்கப் புதைத்து ரொட்டி எடுக்கிறார்கள். கறுப்பாக, இனிப்பாக, கேக் போல வரும். இட்லிக்குக் கந்தக வாடை ஏறும், அவ்வளவுதான்.

காக்கைக்குச் சோறு வைப்பது பற்றிக் கவலையே வேண்டாம். இந்த நாட்டைக் கண்டுபிடிக்கவே காக்கை வேண்டியிருந்தது. ஃப்ளோகி என்ற பழைய மாலுமி கப்பலில் மூன்று அண்டங்காக்கைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டாராம். முதலாவது வந்த வழியே திரும்பிப் போனது, ரெண்டாவது கப்பலுக்கே வந்தது, மூன்றாவது போன திசையில் இந்தத் தீவு இருந்தது. கோடையில் அவை மலைப்பக்கம் போய்விடும் என்பதால் ஊருக்குள் வருமா என்று தெரியாது. கடற்பறவைகள் இலையோடு தூக்கிப் போகும், வீணாகாது.

கிரகணம் மாலை 4.47-க்குப் பிடித்து 6.47-க்கு விடும், முழு இருட்டு 5.48-க்கு. தர்ப்பணம் காலையில், படையல் நடுப்பகலில், சாப்பாடு ஒரு மணிக்குள். சாயங்காலம் பட்டினி. ஒன்றுக்கொன்று இடிக்கவே இல்லை, பார். அந்த நேரம் நம் ஊரில் ராத்திரி பதினோரு மணி. அங்கே கிரகணமே தெரியாது. அதனால் 'கிரகணம் பட்ட நட்சத்திரம்' என்று ஜோசியர் பரிகாரம் சொன்னால் யார் எந்த ஊரில் பட்டார்கள் என்று கேட்டுக்கொள். மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது என்று பாப்பா கேட்பாள். மூடலாம், ஆகஸ்டில் மூடுகிற நாள்தான் அதிகம். அன்று காலை மேகப் படத்தைப் பார்த்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியை விடுவதற்குத்தான் அந்த நாளில் வேறு எதையும் எழுதாதே என்கிறேன்.

ஒரு சமாதானத்துக்காக அம்மாவிடம் இதைச் சொல். இங்கேயும் பாறைக்குள் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் உண்டு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாடசாமி பீடத்தைத் தொடப் பயந்து நம் ஊர் காண்ட்ராக்டர் ரோட்டை வளைக்கிற மாதிரி, 2015-ல் ரெய்க்யவிக் பக்கம் ரோடு போட்டவர்கள், அவர்களுடைய கோயில் என்று சொல்லப்பட்ட எழுபது டன் பாறையை உடைக்காமல் கிரேனால் தூக்கி ஓரமாக வைத்தார்கள். 'நல்ல ஊருதாம்லே' என்று அம்மா சொல்லிவிடுவாள்.

விசாவுக்கு இந்த மாதமே மனுப் போடுங்கள். குடை வேண்டாம், ஒரே காற்றில் கம்பியாகிவிடும். மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். நடுராத்திரிச் சூரியனும் கிடையாது, வானத்துப் பச்சை வெளிச்சமும் கிடையாது. ஒன்றுக்கு ஜூனில் வர வேண்டும், மற்றதற்கு இருட்டு ராத்திரி வேண்டும். ஆகஸ்ட் நடுவில் ரெண்டுமே கைகொடுக்காது. இட்லிப்பொடி ரெண்டு கிலோ, கூழ்வடகம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. எள்ளும் தர்ப்பையும் மறக்காதே, அவை மட்டும் இங்கே விளையவில்லை.

அன்புடன்,
உன் தம்பி,
முத்து

பி.கு.: அத்தானின் திட்டத்தில் கடைசிப் பக்கத்தைப் பிறகுதான் பார்த்தேன். 'வழியில் கார் மக்கர் செய்தால் மாற்று ஏற்பாடு: அக்குரேரி – ரெய்க்யவிக் இரவு ரயில். அம்மாவுக்கு லோயர் பெர்த்' என்று சிவப்பு மையில் இருக்கிறது. இந்த நாட்டில் ரயிலே கிடையாது. மெதுவாக, சாப்பிட்டு முடித்தபிறகு சொல்.